பணித்தளச் சுற்றுலா நடத்தும் மிஷனரி சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் ஸ்தோத்திரம்.

கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமங்களில் இளவயதில் ஊழியம் செய்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு நாகர்கோவிலோடு இருந்துவிட்டேன். போன மாம்பழ சீசனில் என் கணவரோடு அந்த ஊருக்கு வெறும் சுற்றுலாப் பயணியாகப் போய்வந்தேன். அதை வைத்துத்தான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆதரவாளர்களையும் பழைய ஊழியர்களையும் பஸ்ஸில் ஏற்றி நீங்கள் நடத்தும் சுற்றுலாவில், விசுவாசிகளின் வீடுகளைக் காட்டும் நிகழ்ச்சியை எடுத்துவிடுங்கள்.

ஊரைத் தாராளமாகக் காட்டுங்கள். 1791-ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை ஏறப் பார்த்துத் தோற்றுத் திரும்பிய கோட்டை இருக்கும் சையத் பாஷா மலையை, ஊழியக் காலத்தில் நான் கீழிருந்து பார்த்ததோடு சரி. மாத அறிக்கை நோட்டோடு அடுத்த பஸ்ஸுக்கு ஓடவே பொழுது சரியாக இருந்தது. இந்தத் தடவை நின்று நின்று ஏறினோம். அப்புறம் மாங்கூழ் பேக்டரி வாசலில் பெங்களூரா ரக மாம்பழ லோடு டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றதைப் பார்த்தோம். ஒரு விவசாயி, பழம் அதிகமாகக் காய்த்த வருடத்தில்தான் விலை விழுகிறது என்று வெகுநேரம் பேசினார். பைபிளும் பையுமாக நான் போன காலத்தில் இப்படி யாரும் என்னிடம் மனம்விட்டுத் தோட்டக்கணக்கு பேசியதில்லை.

தெரிந்த ஒரு வீட்டுக்கு முன்கூட்டியே போன் செய்து, வரச் சொன்ன பிறகு போனோம். அந்த வீட்டு அம்மா முதலில் கேட்டது: "வேலையா வந்தீங்களா, சும்மாவா அக்கா?" சும்மாதான் என்றேன். அதன் பிறகுதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சங்கத்தின் சுற்றுலா பஸ் அங்கே வந்திருக்கிறது. எந்தச் சங்கம் என்று இங்கே எழுதப் போவதில்லை. வந்தவர்கள் அடுப்படியைப் படம் எடுத்திருக்கிறார்கள். அவருடைய கணவர் முன்பு குடித்த கதையை, பிள்ளைகளையும் அக்கம்பக்கத்தாரையும் வைத்துக்கொண்டு சாட்சியாகச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். மூத்த மகளைச் சிரிக்கச் சொல்லி, பல்லில் உள்ள பழுப்புக் கறையைக் கிட்டத்தில் எடுத்திருக்கிறார்கள். அந்தக் கறை பல் துலக்காததால் வந்ததில்லை. அந்தப் பகுதிப் பாறைக்கடியிலிருந்து வரும் போர்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஈறுக்குள் பல் உருவாகும் சிறுவயதில் அதைக் குடித்தால் இப்படிக் கறை வரும். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அவள் அதற்கு முன் பிறந்தவள். இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலைக்குப் போகிறாள். என்னோடு பேசும்போதும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் பேசினாள். எனக்கு வயிறு எரிந்தது.

வேண்டாம் என்று அவர்கள் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். லுத்தரன் சபையின் நேதர் ஐயா 1895-ல் வந்து ஊழியம் தொடங்கிய நாளிலிருந்து, வெளியூர்க்காரர்களை உட்காரவைத்து உபசரித்தே பழகியவர்கள் அந்தப் பக்கத்து ஜனங்கள். வாசலில் வந்து நிற்பவரை, அதுவும் சபையிலிருந்து வந்தவரை, எப்படிப் போகச் சொல்வார்கள்? அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காணிக்கை கொடுப்பவர்களுக்குப் பணம் எங்கே போகிறது என்று பார்க்க ஆசை இருப்பது நியாயம். கணக்கைக் காட்டுங்கள், கட்டிய பள்ளிக்கூடத்தைக் காட்டுங்கள். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்கும் ஒகேனக்கல்லுக்கும் கூட்டிப்போங்கள். காவிரியில் வெள்ளம் கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், அதைப் பார்த்துத் தேதி வையுங்கள். மாம்பழத்தைத் தோட்டத்துக்காரரிடமே வாங்கச் சொல்லுங்கள். ஞாயிறு ஆராதனையில் எல்லாரும் பின்வரிசையில் உட்காருங்கள், மைக் வேண்டாம். உங்களைப் பார்க்க விரும்புகிற விசுவாசிகள் அங்கே வந்து பார்ப்பார்கள். பழைய ஊழியர்கள் தங்களுக்குப் பழக்கமானவர்களைத் தாங்களே கேட்டு, கூப்பிட்டால் தனியாகப் போய்வரட்டும்.

அடுத்த சுற்றுலாவுக்கு நோட்டீஸ் ஏற்கெனவே அடித்திருந்தால், வீடு சந்திப்பு என்ற வரியைப் பேனாவால் அடித்துவிட்டு அனுப்புங்கள். இதுவரை எடுத்த படங்களைப் பத்திரிகையிலோ காலண்டரிலோ போடும் முன் அந்தந்த வீட்டாரைக் கேளுங்கள். ஓசூர் வேலைக்குப் போகும் அந்தப் பெண்ணின் படம் உங்களில் யாரிடம் இருந்தாலும் தயவுசெய்து அழித்துவிடுங்கள். இதை உங்களிடம் சொல்லச் சொல்லி என்னைக் கேட்டுக்கொண்டவளே அவள்தான்.

இப்படிக்கு,
முன்னாள் கிராம ஊழியர்,
நாகர்கோவில்