வெலிங்டன் டியூக் குன்னூருக்கு எப்போது வந்தார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் நீலகிரிக் கட்டுரையில், வெலிங்டன் பிரபு குன்னூர் அருகே வெலிங்டனில் உள்ள பேரக்ஸில், அதாவது சிப்பாய்கள் குடியிருப்பில், தங்கிப் படை நடத்தியதால்தான் அந்த ஊருக்கு அவர் பெயர் வந்ததாக ஒரு வரி. எழுதியவரை விடுங்கள். தங்கள் மேசையைத் தாண்டித்தானே அது அச்சுக்குப் போயிருக்கும்?

பிற்பாடு வெலிங்டன் டியூக் ஆன பிரிட்டிஷ் படைத்தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி 1798-ல் சென்னைக்கு வந்தார். மறு ஆண்டு வேலூரிலிருந்து திப்புவை எதிர்த்துக் கிளம்பிய ஜெனரல் ஹாரிஸின் படையோடு ஸ்ரீரங்கப்பட்டணம் போனார். 1803-ல் மராத்தியரோடு அஸ்ஸாயிப் போர். 1805-ல் கப்பலேறியவர் அப்புறம் இந்தியா பக்கமே திரும்பவில்லை. டியூக் பட்டம் கிடைத்ததே 1814-ல்தான். கோவை கலெக்டர் சல்லிவன் நீலகிரி மலை ஏறியது 1819-ல். பேரக்ஸ் கட்டத் தொடங்கியது 1852-ல். அதே ஆண்டு செப்டம்பர் 14 அன்று டியூக் இங்கிலாந்தில் காலமாகிவிட்டார். வேலை முடிந்தது 1860-ல். ஜெகதளா என்று வழங்கிய இடத்துக்கு அவர் நினைவாகப் பெயர் வைத்தது அவர் இறந்த பிறகுதான். ஆவியாக வந்து தங்கினார் என்றால் மறுப்பதற்கில்லை. அந்தப் பேரக்ஸுக்கு இன்று நம் தரைப்படைத் தளபதியாக இருந்த ஜெனரல் ஸ்ரீநாகேஷின் பெயர். அதைச் சொல்லத்தான் கட்டுரையில் இடமில்லாமல் போயிற்று.

படத்தையாவது சரியாகப் போட்டீர்களா? 'லண்டன் ஹைட் பார்க் முனையில் டியூக்' என்று போட்டிருப்பது ஆல்டர்ஷாட் சிலை. இரண்டிலும் அவர் குதிரை மேல்தான் இருக்கிறார், ஆனால் குழம்ப வேண்டியதில்லை. பீடத்தின் நான்கு மூலையிலும் ஒவ்வொரு சிப்பாய் நின்றால் அது லண்டன். சிற்பி போம் (Boehm) செய்தது, 1888. சிப்பாய்கள் இல்லாமல், வலது கையை முன்னே நீட்டியிருந்தால் அது ஆல்டர்ஷாட், சிற்பி வயட் செய்தது. அதை முதலில் 1846-ல் லண்டன் ஹைட் பார்க் முனையிலிருந்த வளைவின் உச்சியில்தான் ஏற்றினார்கள். சுமார் 40 டன் வெண்கலம். வளைவுக்குப் பொருந்தாத பருமன். ஊரே சிரித்தது. டியூக் உயிரோடு இருந்ததால் இறக்கத் துணியவில்லை. பிறகு வளைவையே இடம் மாற்றியபோது இறக்கி, 1885-ல் ராணுவ நகரமான ஆல்டர்ஷாட்டில் ஒரு மேட்டின் மேல் வைத்தார்கள். தாங்கள் வெளியிட்ட படத்தில் சிப்பாய் ஒருவரும் இல்லை, கை நீட்டித்தான் இருக்கிறது.

இது முதல் தடவையும் இல்லை. திட்டக்குடி பக்கத்து ஏரியை இந்த டியூக்கின் கணக்கில் எழுதினீர்கள். அது சென்னை கவர்னராயிருந்து பிற்பாடு வைஸ்ராயான வில்லிங்டன் பிரபுவின் பெயர். இருவருக்கும் நடுவே ஒரு நூற்றாண்டு. ஊட்டி மலை ரயில் பல்சக்கரத்தில் வெலிங்டன் ஸ்டேஷன் வழியாக ஏறுவதாக எழுதினீர்கள். பல்தண்டவாளம் கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான். வெலிங்டன் குன்னூரைத் தாண்டி வருகிறது. ராணுவ அதிகாரிகளின் கல்லூரி வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அங்கே இருப்பதாகவும் எழுதினீர்கள். பிரிவினையின்போது குவெட்டாவிலிருந்து வந்தது அது. அப்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தோம், பெரிய பத்திரிகை, தெரியாமலா எழுதுவார்கள் என்று.

இவற்றுக்கெல்லாம் மேலாக, 'குடும்பத்தோடு உள்ளே சென்று சுற்றிப் பார்க்கலாம்' என்று யோசனை வேறு! அந்தப் பேரக்ஸ் ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்டுக்குப் பயிற்சி மையம். முன் அனுமதி இல்லாமல் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். கேட்டைப் படமெடுத்தால் போனை வாங்கிப் பார்த்து அழிக்கச் சொன்னாலும் ஆச்சரியமில்லை. தங்களை நம்பிக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு யார் பதில் சொல்வது?

அடுத்த இதழில் நான்கு வரித் திருத்தம் போதும்: 1852, 1860, படத்தின் ஊர், அனுமதி விஷயம். கடைசிப் பக்கத்தில் பல்பொடி விளம்பரத்துக்கு அடியில் போட்டாலும் சரி.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர்,
குன்னூர்