மேரி டைலர் மூருக்கு ஒரு வரி போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கத் தொலைக்காட்சியின் நகைச்சுவை நடிகைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். மேரி டைலர் மூருக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருந்ததில் மிகவும் மகிழ்ச்சி. ஆனால் 1980இல் அவர் நடித்த 'ஆர்டினரி பீப்பிள்' படத்தை, சிட்காம் (தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்) நடிகை ஒருவர் செய்து பார்த்த வித்தியாசமான முயற்சி என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சிட்காமில் அவர் பல வருடம் பழகி வைத்திருந்த வித்தைதான் அந்தப் படத்திலும் வேலை செய்கிறது என்பது என் எண்ணம்.

'டிக் வான் டைக் ஷோ', அப்புறம் 1970 முதல் 77 வரை அவர் பெயரிலேயே வந்த தொடர், அதன் 168 எபிசோடுகள், 29 எம்மி (அமெரிக்கத் தொலைக்காட்சி) விருதுகள் எல்லாம் கட்டுரையில் வந்துவிட்டன. விட்டுப்போனது 1975இல் ஒளிபரப்பான இறுதிச் சடங்கு எபிசோடு. சக்கிள்ஸ் என்ற கோமாளி, ஊர்வலத்தில் வேர்க்கடலை வேஷம் போட்டுக்கொண்டு போகும்போது யானையிடம் மாட்டி இறந்துபோகிறார். தொடரின் நாயகி மேரி வேலை பார்க்கும் டிவி நிலையத்தின் செய்திப் பிரிவில் ஆளாளுக்கு ஜோக் அடிக்கிறார்கள். மேரி மட்டும், சாவில் என்ன சிரிப்பு என்று எல்லோரையும் கடிந்துகொள்கிறாள். இறுதிச் சடங்கில் நிலைமை தலைகீழாகிறது. மற்றவர்கள் கல் போல உட்கார்ந்திருக்க, மேரிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது. அடக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. பாதிரியார் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, தாராளமாகச் சிரியுங்கள், சக்கிள்ஸுக்கு அதுதான் பிடிக்கும் என்கிறார். உடனே அவள் விம்மி விம்மி அழுகிறாள். நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். அடக்குவதற்கு அந்த முகம் படுகிற பாட்டில்தான் அவ்வளவு சிரிப்பும் இருக்கிறது.

'ஆர்டினரி பீப்பிள்' படத்தில் மூர் நடித்த பெத் என்ற தாயும் அடக்குகிறவள்தான். மூத்த மகன் படகு விபத்தில் போய்விட்டான். இளையவன் தற்கொலைக்கு முயன்று பிழைத்து வீடு திரும்பியிருக்கிறான். காலையில் பசிக்கவில்லை என்கிறான். பெற்ற தாய் இரண்டு வாய் சாப்பிடு என்று கெஞ்ச வேண்டாமா? பெத் மறுபேச்சு இல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு போய், பிரெஞ்சு டோஸ்டை அப்படியே பாத்திரத் தொட்டிக்குள் தள்ளிவிடுகிறாள். கத்தல் இல்லை, ஒரு முறைப்புகூட இல்லை. இன்னொரு காட்சியில் அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்து நிற்க வைத்து அப்பா போட்டோ எடுக்கப் பார்க்கிறார். அவள் புன்னகை மாறாமல், கேமராவை என்னிடம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பிள்ளை பொறுக்க முடியாமல் கத்திவிடுகிறான். ஊரே நேசித்த அதே புன்னகை இங்கே நம் வயிற்றைக் கலக்குகிறது. கடைசியில் வீட்டை விட்டுப் போகப் பெட்டி எடுக்கும்போது ஒரு கணம் உடல் குலுங்குகிறது. அழுகை வெளியே வருவதற்குள் விழுங்கிவிடுகிறாள். சக்கிள்ஸின் சடங்கில் உடைந்த அணை இங்கே உடையவே இல்லை.

இயக்குநர் ராபர்ட் ரெட்ஃபோர்டு, மாலிபு கடற்கரையில் மூர் தனியாக நடந்துபோவதைப் பார்த்தபோதே, இவரிடம் டிவியில் தெரியாத இன்னொரு பக்கம் இருக்கிறது என்று நினைத்தாராம். சிறந்த படம், சிறந்த இயக்குநர் உட்பட 4 ஆஸ்கர் அந்தப் படத்துக்குக் கிடைத்தன. மூருக்குப் பரிந்துரையோடு சரி. அந்த ஆண்டு விருது வாங்கிய ஸிஸி ஸ்பேஸெக்கும் அருமையான நடிகைதான், குறை சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெற்ற ஒரே மகனை இழந்த வேதனைதான் மூரின் நடிப்பில் தெரிந்தது என்ற பொருளில் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் 24 வயதில் துப்பாக்கி தவறுதலாக வெடித்து இறந்தது 1980 அக்டோபர் 14 அன்று. படம் அதற்கு முந்தைய மாதமே திரைக்கு வந்துவிட்டது. அதாவது, நடித்து முடித்து வெகுநாள் கழித்து நேர்ந்த துயரம் அது. அதை நடிப்புக்குக் காரணமாகக் காட்டினால், அந்த வேடத்துக்காக அவர் பட்ட பாடு ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது.

இந்தத் தேதித் திருத்தத்தையாவது அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
கும்பகோணம்