சேத்தி ஓர் ஊரில், பேழை ஓர் ஊரில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கெய்ரோவின் புதிய அருங்காட்சியகம் பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் எகிப்திய மன்னர்களின் அரும்பொருட்கள் வெளிநாட்டுக்குப் போனதால்தான் பிழைத்தன என்று போகிற போக்கில் எழுதிவிட்டார் கட்டுரையாளர். எகிப்திய மன்னர் முதலாம் சேத்தியின் ஈமப்பேழையைப் பற்றிப் படித்திருந்தால் கொஞ்சம் தயங்கியிருப்பார்.

இரண்டாம் ராமேசஸின் தகப்பனார் இந்த சேத்தி. எகிப்திய மன்னர்களைப் புதைத்த ‘மன்னர்களின் சமவெளி’யில் அவரது கல்லறையை 1817இல் திறந்தவர் பெல்சோனி (அதற்கு முன் லண்டன் மேடையில் ஆட்களைத் தோளில் சுமந்து வித்தை காட்டியவர்). உள்ளே இருந்தது அலபாஸ்டர் என்னும் வெள்ளைக் கல் ஒன்றிலேயே குடைந்த பேழை, ஒன்பது அடிக்கு மேல் நீளம். சூரியக் கடவுள் இரவின் வாசல்களை ஒவ்வொன்றாகக் கடக்கும் கதையை உள்ளும் புறமும் பொடிப்பொடி உருவங்களாகச் செதுக்கி, கோடுகளில் நீலம் நிரப்பியிருந்தார்கள். மன்னரைக் கிடத்தும் அடித்தளத்தில் வான்தேவதை நூத். உள்ளே விளக்கு வைத்தால் கல்லே ஒளிரும்.

2,000 பவுண்டு விலை சொன்னதும் பிரிட்டிஷ் மியூசியம் வேண்டாம் என்றுவிட்டது. 1824இல் கட்டடக் கலைஞர் ஜான் சோன் அதை வாங்கித் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் வைத்தார். மறு ஆண்டு மூன்று இரவுகள் விளக்கேற்றி, ஊர்ப் பெரியமனிதர்களை அழைத்து விருந்து!

வறண்ட மலைக்குள் மூவாயிரம் ஆண்டு கிடந்த கல் அது. லண்டன் காற்று பட்டதும் வெண்மை போய்ப் பழுப்பேறியது. நீலம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. இதையா பிழைத்தது என்கிறோம்?

சரி, அங்கேயே இருந்திருந்தால் பத்திரமா என்று கேட்கலாம். கல்லறையும் தப்பவில்லைதான். சுவர்ச் சிற்பங்களை நகலெடுக்க ஈர அச்சு எடுத்து வண்ணத்தைப் பெயர்த்தவர் அதே பெல்சோனி. பிறகு வந்த அறிஞர்கள் சிற்பப் பலகைகளையே வெட்டிக்கொண்டு போனார்கள். ஒன்று பாரிஸில், ஒன்று ஃபுளோரன்ஸில்.

சேத்தியின் உடலோ எகிப்தை விட்டுப் போகவில்லை. பழங்காலப் பூசாரிகள் ஒளித்துவைத்த இடத்திலிருந்து 1881இல் வெளிவந்தது. 2021 ஏப்ரலில் 22 அரச மம்மிகளை கெய்ரோ வீதிகளில் ஊர்வலமாகக் கொண்டுபோனார்களே, அவற்றில் அவரும் ஒருவர். பேழை மட்டும் லண்டனில். வீட்டை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று சோன் 1833இல் நாடாளுமன்றச் சட்டமே வாங்கிவிட்டதால், திருப்பிக் கேட்பதும் லேசான காரியமல்ல.

கட்டுரையைத் தொகுப்பாக வெளியிடும் எண்ணம் இருந்தால், அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி