பழி முழுவதும் எவரெட்டுக்கா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ரஷ்ய எழுத்தாளர் ஷோலகோவின் டான் நதி நாவலைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தவர்கள் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரைக்கு முதலில் ஒரு திருத்தம். இயக்குநர் செர்கெய் பந்தர்ச்சுக் தன் தொடரை 2006-இல் எடுக்கவில்லை. அது ஒளிபரப்பான ஆண்டு. படப்பிடிப்பு நடந்தது 1992-93-இல். 1994 அக்டோபரில் அவர் காலமாகிவிட்டார். இத்தாலியத் தயாரிப்பாளர் நொடித்துப்போக, படச்சுருள்கள் பல ஆண்டுகள் அந்நாட்டு வங்கியில் முடங்கிக் கிடந்தன. மீட்டபின் தொகுத்து முடித்தவர் மகன் ஃபியோதர். அந்த 7 பகுதிகளும் தந்தை இறுதி செய்தவை அல்ல என்பதை மனத்தில் வைத்துத்தான் எதையும் பேச வேண்டும்.

நாயகன் கிரிகோரியாக நடித்த ருபர்ட் எவரெட் மேல், தொடர் சரியாக அமையாத பழி முழுவதையும் கட்டுரையாளர் போடுகிறார். டான் கரைக் குதிரைவீரர் மரபினரான கொசாக்குகளின் சாயல் அவரிடம் இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளிநாட்டுச் சந்தையை நம்பிப் படமே ஆங்கிலத்தில் எடுக்கப்பட்டது. கிரிகோரிக்கு ஆங்கிலேயர், அவன் காதலி அக்ஸீன்யாவுக்கு பிரெஞ்சு நடிகை தெல்ஃபின் ஃபோரே, தகப்பன் பந்தேலெய்க்கு அமெரிக்கர் முர்ரே ஆபிரகாம். ரஷ்யக் குரல் பிறகு ஏற்றப்பட்டது. உதடு ஒட்டும் ஒலிகள் இரண்டு மொழியிலும் ஒரே இடத்தில் வராது. வாயசைப்புக்கு ஏற்ப வசனத்தை நறுக்கவோ இழுக்கவோ வேண்டியிருக்கும். அப்போது முதலில் காணாமல் போவது வட்டார வழக்கு. ஷோலகோவிடம் பாதிச் சுவை அந்த டான் கரைப் பேச்சில்தான் இருக்கிறது. டப்பிங் தொடர்கள் கேட்டுப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எந்த நடிகரைப் போட்டாலும் தீராத சிக்கல் வேறொன்று. கிரிகோரி பக்கம் மாறிக்கொண்டே இருப்பவன். ஜார் மன்னர் படையில் தொடங்கி, 1917 புரட்சிக்குப்பின் போல்ஷெவிக்குகள் பக்கம் நின்ற செங்கொசாக்குகளோடு சேர்கிறான். 1918-லேயே வெள்ளையர், அதாவது போல்ஷெவிக்குகளை எதிர்த்த படையினர், பக்கம் போகிறான். 1919 மார்ச்சில் போல்ஷெவிக்குகளுக்கு எதிராகக் கொசாக்குகள் எழுந்த வெஷென்ஸ்காயா கிளர்ச்சியில் ஒரு டிவிஷனுக்கே தலைவன். 1920-இல் நோவரசீஸ்க் துறைமுகத்தில் கப்பலேற முடியாமல் நின்றவன் செம்படைத் தளபதி புத்யோன்னியின் குதிரைப்படைக்குப் போகிறான். கடைசியில் சோவியத் ஆட்சியை எதிர்த்துத் திரிந்த ஃபோமினின் கும்பல். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாவலில் ஒரு காட்சி காரணமாக இருக்கிறது. அதை வெட்டினால் அவன் வெறும் சந்தர்ப்பவாதியாகத் தெரிவான்.

ஓர் உதாரணம். 1918 தொடக்கத்தில் குளுபோக்கயா அருகே பிடிபட்ட வெள்ளைத் தளபதி செர்னெத்சோவை, செங்கொசாக்குகளின் தலைவன் போதியோல்கோவ் வாளால் வெட்டிச் சாய்க்கிறான். பிடிபட்ட மற்ற அதிகாரிகளும் அங்கேயே கொல்லப்படுகிறார்கள். காலில் காயத்தோடு நிற்கும் கிரிகோரி நொண்டிக்கொண்டே போதியோல்கோவை நோக்கிப் பாய, பின்னாலிருந்து உடனிருந்த மினாயெவ் கட்டிப்பிடித்துக் கையை முறுக்கி ரிவால்வரைப் பிடுங்குகிறான். சில நொடிச் சங்கதிதான். ஆனால் அதே ஆண்டு மே மாதம் பொனமர்யோவ் சிற்றூரில் போதியோல்கோவ் எதிர்ப்பக்கக் கொசாக்குகளிடம் பிடிபட்டுத் தூக்குக்கு நிற்கும்போது, கிரிகோரி அவனிடம் நேருக்கு நேர் குளுபோக்கயாவை நினைவிருக்கிறதா என்று கேட்கிறானே, அதற்கு வேர் இங்கேதான். கேட்டவன் கொலையில் கை வைக்காமல் குதிரையேறிப் போய்விடுகிறான் என்பதும் முக்கியம். முதல் காட்சியைச் சுருக்கினால் இரண்டாவது வெறும் வன்மமாகிவிடும். குதிரையேறிப் போவதை விட்டால் அவன் கொலைகாரர்களில் ஒருவனாகிவிடுவான்.

1919 கிளர்ச்சியும் அப்படித்தான். அந்த ஆண்டு ஜனவரி 24-இல் கொசாக்குகளை ஒடுக்கச் சொல்லி போல்ஷெவிக் கட்சித் தலைமை அனுப்பிய சுற்றறிக்கையைத் தொடர்ந்து கொசாக் ஊர்களில் விழுந்த சுட்டுக்கொலைகளைக் காட்டாமல், கிளர்ச்சியை மட்டும் காட்டுவது அர்த்தமற்றது. நாவலில் கிரிகோரியின் மனைவி நத்தாலியாவின் தகப்பன் மிரோன் கொர்ஷுனோவின் சாவு இதற்காகவே வருகிறது.

2015-இல் இதே நாவலைத் தொடராக எடுத்த செர்கெய் உர்சுல்யாக்குக்கு 14 பகுதிகள் கிடைத்தன. மொழிச் சிக்கல் இல்லை. யெவ்கேனி த்காச்சுக் கிரிகோரியாகவும் மக்கவேத்ஸ்கி பந்தேலெயாகவும் நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் கிடைத்த நேரத்தில் பெரும்பங்கு கிரிகோரியின் மெலெகோவ் குடும்ப வீட்டு முற்றத்துக்கே போய்விட்டது. சமையலும் அறுவடையும் மாமியார் மருமகள் பேச்சும் அழகு. அரசியல் மட்டும் அவசரமாக ஓடுகிறது.

அடுத்து கெராசிமோவின் 1957-58 மூன்று பாகப் படத்தைப் பற்றி எழுதப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் கிரிகோரியாக வந்த பியோத்தர் கிளேபவின் நடிப்போடு நிறுத்திவிடாமல், பொனமர்யோவ் காட்சியை நாவலின் இரண்டாம் புத்தகத்துக் கடைசி அத்தியாயங்களோடு வைத்து ஒப்பிடும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நாகர்கோவில்