அடித்து எழுதிய 'டா'

அன்புள்ள தோழிக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டாவது வரியிலேயே 'என்னடி' என்று எழுதி, அதை அடித்துவிட்டு மேலே 'என்னடா' என்று திருத்தியிருந்தாயே, படித்துச் சிரித்துவிட்டேன். இத்தனை வருஷப் பழக்கம் சட்டென்று போய்விடுமா? தமிழில் 'வந்தேன், போனேன்' என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதில் எதுவும் மாறவில்லை. மற்றவர்கள் வாயில்தான் 'வந்தாள்' போய் 'வந்தான்' வந்திருக்கிறது.

டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி தொடங்கிப் பதினான்கு மாதமாகிறது. குரல் உடைந்து, கீச்சிட்டு, ஒருவழியாகக் கட்டையாகி நின்றுவிட்டது. இனி ஊசியை நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாதாம். தாடிதான் அங்கொன்றும் இங்கொன்றுமாக. சரி, உடம்புக் கதை போதும்.

நான் சொல்ல நினைத்தது வேறு. மீட்டிங்கில் இப்போது என்னைப் பேச விடுகிறார்கள்! முன்பு பாதி வாக்கியத்தில் யாராவது குறுக்கே பாய்வார்கள், நினைவிருக்கிறதா? என் பிரமையோ என்றிருந்தேன். ஸ்டான்ஃபோர்டில் நரம்பியல் பேராசிரியராக இருந்த பென் பாரஸும் என்னைப் போலத் திருநம்பிதான், 1997-ல் பெண்ணிலிருந்து ஆணாக மாறியவர். ஆண்கள் குறுக்கிடாமல் முழு வாக்கியத்தைப் பேசி முடிக்க முடிகிறது என்று 2006-ல் நேச்சர் அறிவியல் இதழில் அவரும் எழுதியிருக்கிறார். அவர் உரையைக் கேட்ட ஒருவர், 'இவர் ஆய்வு இவருடைய சகோதரியின் ஆய்வைவிட எவ்வளவோ மேல்' என்றாராம். அந்தச் சகோதரி வேறு யாருமில்லை, மாறுவதற்கு முந்தைய பாரஸேதான்.

போனதும் உண்டு. பெண்கள் கழிவறை வரிசையில் முன்பின் தெரியாதவள்கூட 'உங்கள் துப்பட்டா தரையில் படுகிறது' என்பாள். ஆண்கள் பக்கம் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். பேருந்தில் முன் சீட்டுக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. பழக்கதோஷத்தில் நானும் கண்ணைச் சிமிட்டினேன். அதன் அம்மா குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அவளைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் இறங்கும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அப்புறம், போன வாரம் ராத்திரி. தெருவில் எனக்கு முன்னால் ஒரு பெண் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். நான் என் வேகத்தில், ஏதோ யோசனையில். அவள் நடை வேகமானது. கை பைக்குள் போனது. உள்ளே என்ன தேடுகிறாள் என்று எனக்குத் தெரியாதா? நீயும் நானும் சாவியை விரல் இடுக்கில் பிடித்துக்கொண்டு எத்தனை ராத்திரி நடந்திருக்கிறோம். யாரோ பின்னால் வருகிறான் போலிருக்கிறது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. நான்தான்.

'பயப்படாதீர்கள்' என்று சொல்லலாமா? இந்தக் கட்டைக் குரலில் சொன்னால் ஓடியே போயிருப்பாள். நின்று, குனிந்து, ஷூ நாடா கட்டுவதுபோல் பாவனை செய்தேன். காலில் ரப்பர் செருப்பு. அவள் முனை திரும்பும்வரை இல்லாத நாடாவைக் கட்டிக்கொண்டே இருந்தேன்.

இப்போதெல்லாம் எதிர்ப்பக்கம் மாறிவிடுகிறேன். சிலசமயம் வேகமாக முந்திப் போய்விடலாமா என்றும் தோன்றுகிறது, ஆனால் பின்னாலிருந்து காலடிச் சத்தம் நெருங்கினால் நமக்கு எப்படி இருக்கும்? 'நமக்கு' என்று எழுதிவிட்டேன் பார், அடிக்கவில்லை. நீ இன்னும் அந்த நேரத்தில்தானே வேலை முடிந்து வருகிறாய்? பின்னால் வருகிறவன் என்ன செய்தால் உனக்கு நிம்மதி, அதை மட்டும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்