கயிறு விற்பவனின் விண்ணப்பம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரி வாசலுக்கு எதிரே ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறேன். பேனா, ரெக்கார்டு நோட்டு, ஹேர்கிளிப், ரீசார்ஜ் எல்லாம் உண்டு. ஆனாலும் கடை வாடகை, சாதிக்கொரு கலரில் பையன்கள் கட்டும் கைக்கயிற்றில்தான் வந்துகொண்டிருந்தது. இப்போது கல்லூரியில் அதைத் தடை செய்துவிட்டார்கள். 'எங்கள் வளாகத்தில் சாதியே கிடையாது' என்று அங்குள்ள பேராசிரியர் ஒருவர் உங்கள் நாளிதழில் எழுதிய கடிதத்தையும் படித்தேன். உண்மைதான். அதெல்லாம் என் கடையில்தான் இருந்தது. சிவப்பு-மஞ்சள், பச்சை-மஞ்சள், நீலம்-சிவப்பு என்று தனித்தனி ஆணியில் தொங்கியது.

வியாபாரத்தில் எனக்குப் பேதம் கிடையாது. எந்தக் கயிறும் பத்து ரூபாய். பையன்கள் வந்து, "அண்ணாச்சி, நம்ம கயிறு ரெண்டு குடுங்க" என்பார்கள். எந்தக் கலர் என்று திருப்பிக் கேட்டால் கோபம் வந்துவிடும். எந்த ஊர் பஸ்ஸில் வந்து இறங்கினான், யார் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறான் என்று பார்த்து நாமாகவே எடுத்துக் கொடுக்க வேண்டும். புதுப் பையனாக இருந்தால், "குலசாமி எங்க தம்பி?" என்று கேட்டால் போதும். சாதியைக் கேட்பது நாகரிகம் இல்லை அல்லவா.

இதில் ஒரே ஒரு தடவைதான் குழப்பம் வந்தது. பிகாரிலிருந்து ஒரு பையன் மெக்கானிக்கல் படிக்க வந்தான். கையில் சிவப்பும் மஞ்சளும் கலந்த நூல். வடக்கே பூஜைகளில் கட்டிவிடுவார்களாம். வந்த வாரமே ஹாஸ்டலில் அவனுக்குத் தனி மரியாதை. புரோட்டாக் கடையில் அவனைப் பர்ஸை எடுக்க விடவில்லை. கிரிக்கெட்டில் டக் அவுட் ஆனாலும் கைதட்டினார்கள். மெஸ்ஸில் அவன் வந்து உட்கார்ந்தால் இன்னொரு கூட்டம் தட்டோடு எழுந்து போனது. பாதிச் சாப்பாட்டில் இவர்களுக்கெல்லாம் எப்படிப் பசி தீர்ந்துவிடுகிறது என்று பையன் என்னிடமே கேட்டான். கடைசியில் பெயரை ஆராய்ந்தார்கள். பின்னால் 'குமார்' என்று மட்டும் இருந்தது. "எந்தக் குமார்?" என்று கேட்டார்கள். "வெறும் குமார்" என்றான். அங்கே சாதி தெரிய வேண்டாம் என்றே பலர் அப்படிப் பெயர் வைப்பதுண்டாம். நம்மிடம் நடக்குமா? மழையில் நனைந்து நனைந்து நூல் வெளுத்தது, புரோட்டாவும் நின்றது.

2022 முதல் அம்பேத்கர் பிறந்த நாளான ஏப்ரல் 14 தமிழ்நாட்டில் சமத்துவ நாள். தடை வருவதற்கு முன்னால் ஒரு வருஷம், அதற்கான உறுதிமொழியைக் கல்லூரித் திடலில் எடுத்தார்கள். வலது கையை முன்னால் நீட்டச் சொன்னார் கல்லூரி முதல்வர். கடை வாசலில் நின்று பார்த்தேன். நீட்டிய கையெல்லாம் என் சரக்கு! யாரும் பிரிக்காமலே கலர் கலராகப் பிரிந்து நின்றிருந்தார்கள். மேடையில் இருந்தவர்கள் முழுக்கைச் சட்டை. பொதுவாகப் பேராசிரியர்கள் கயிறு கட்ட மாட்டார்கள், குருபூஜைக்கு நன்கொடை கொடுப்பதோடு சரி. நோட்டீஸில் 'நலம் விரும்பி' என்று வரும்.

2019-லேயே பள்ளிக்கல்வித் துறை கயிற்றுக்கு எதிராக ஒரு சுற்றறிக்கை விட்டது. அப்போதைய அமைச்சர், அது தனக்குத் தெரியாமல் அனுப்பப்பட்டது, பழைய நிலையே தொடரும் என்று சொல்லி என் வயிற்றில் பால் வார்த்தார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியதும் பள்ளிக்கூடத்துப் பையன்கள். அன்று கடையை அடைத்துவிட்டேன். மறுநாள் திறந்தேன். கயிறு விற்பனை குறையவில்லை.

அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கலர் கயிறு, மோதிரம், நெற்றியில் திலகம் எதுவும் மாணவர்களுக்கு வேண்டாம் என்றது. அதோடு நிற்கவில்லை. பள்ளிகளின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதியை எடுங்கள் என்றது. ஒரு பகுதியில் எந்தச் சாதி அதிகமோ அந்தச் சாதிக்காரரை அங்கே கல்வி அதிகாரியாகவோ தலைமை ஆசிரியராகவோ போடாதீர்கள் என்றும் சொன்னது. எங்கள் கல்லூரிக்காரர்கள் கயிறு வரும் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கத்தரிக்கோலோடு வாசலில் நின்றார்கள். கத்தரிக்கோலும் என் கடையில் வாங்கியதுதான், கடனுக்கு. கையில் கிடந்ததையெல்லாம் வெட்டினார்கள், திருஷ்டிக்குக் கட்டிய கறுப்புக் கயிறு உட்பட. நிர்வாகக் குழுவில் யார் யார் சொந்தக்காரர்கள், வேலைக்கு ஆள் எடுக்கும்போது எந்த ஊர்க்காரருக்கு முதலில் போன் போகிறது என்பதெல்லாம் கத்தரிக்கோலுக்கு எட்டுகிற உயரத்தில் இல்லை.

கயிறு போனதும் பையன்கள் செல்போன் கவர், பைக் ஸ்டிக்கர், ரிங்டோன் என்று மாறிக்கொண்டார்கள். அதெல்லாம் ஆன்லைனில் மலிவு. நஷ்டப்பட்டது நான் ஒருவன்தான்.

அதற்கு ஆறுதலாகவோ என்னவோ, கல்லூரியிலிருந்து எனக்கு ஓர் ஆர்டர் வந்திருக்கிறது. ஒற்றுமைக்காக எல்லா மாணவர்களுக்கும் ஒரே கலரில் ஐடி கார்டு டேக். கலரை முடிவு செய்யக் கமிட்டி கூடியது. பச்சை என்றதும் ஒரு பேராசிரியர் எழுந்தார். நீலம் என்றதும் மூன்று பேர் எழுந்தார்கள். மஞ்சள் என்றதும் கூட்டமே எழுந்துவிட்டது. கறுப்பும் காவியும் கட்சி விவகாரம் என்று பேச்சே எடுக்கவில்லை. வெள்ளை அழுக்காகும். ரோஸ் கலரைப் பையன்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில், 'அண்ணாச்சியே பார்த்துப் போடட்டும்' என்று தீர்மானம் நிறைவேற்றிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள்.

ஆகவே, எந்தச் சாதிக்கும் எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாத கலர் ஏதாவது தெரிந்த வாசகர்கள் தங்கள் நாளிதழ் மூலம் எனக்குத் தெரிவிக்கும்படி வேண்டிக்கொள்கிறேன். அட்வான்ஸ் வாங்கிவிட்டேன். மதுரை மொத்த வியாபாரி வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொல்கிறார்.

இப்படிக்கு,
ஃபேன்சி ஸ்டோர் அண்ணாச்சி,
திருநெல்வேலி மாவட்டம்.