செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், போசகர், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாகசபை வழமைபோல வெள்ளவத்தையில் கூடியது. தைப்பொங்கல் ஒன்றுகூடலும் விதைவெங்காயக் கருத்தரங்கும் நடந்தேறின.

நம் அங்கத்தவர்கள் குத்தகைக்கு விட்டுள்ள வயல்களின் மண் பரிசோதனை முடிவுகளை வருடாவருடம் குறித்துவைக்கும் மண் பதிவேட்டுக்குச் செலவு எதற்கு என்று சென்ற பொதுக்கூட்டத்தில் கேட்கப்பட்டது. 2021 இல் பசளை இறக்குமதி தடைப்பட்டதிலிருந்து நம்முடைய குத்தகைக்காரர் சிலர் எம்ஓபி என்ற பொட்டாசியப் பசளையைக் கைவிட்டு யூரியாவை மட்டுமே போடுகிறார்கள். களிவயலில் அதன் பாதிப்பு உடனே தெரியாது. பயிர் உறிஞ்சும் பொட்டாசியத்துக்கு ஈடாகக் களியின் அடுக்குகளுக்குள் இருப்பது மெல்ல வெளிவருவதால், மண் பரிசோதனையில் வரும் பொட்டாசிய எண் சில வருடங்கள் அசையாமலே நிற்கும். உள்ளிருப்பு குறைவதை அந்த எண் காட்டாது. பிறகு எம்ஓபி போட்டாலும் ஒரு பங்கை அந்த அடுக்குகளே முதலில் பிடித்துக்கொள்ளும். மணல்நிலத்தில் அந்த இருப்பும் இல்லை, போட்டது மழையோடு கீழிறங்கும். அங்கே அடிக்கட்டு (விதைக்கும் வேளையில்), மேற்கட்டு (பயிர் வளரும்போது) என்று பிரித்தே போடவேண்டும்.

வைக்கலை விற்பதுதான் பெரிய இழப்பு. நெற்பயிர் எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும்பங்கு மணியில் அல்ல, வைக்கலில் தங்குகிறது. ஒரு தொன்னில் ஏறத்தாழ 15 கிலோ. ஏக்கருக்கு இரண்டு தொன் வெளியே போனால், 50 கிலோ எம்ஓபி மூட்டை ஒன்றில் உள்ளதை (ஏறத்தாழ 25 கிலோ) விட அதிகம் போகிறது. ஒரு மூலையில் குவித்து எரித்தால் சாம்பலின் சத்து அந்த மூலைக்கு மட்டுமே. பரப்பி மடக்கி உழுவதே சரி.

இதையெல்லாம் ஒரேயொரு பரிசோதனையால் அறிய முடியாது. வருடாவருடம் அதே போகத்து அறுவடைக்குப் பின், பசளை போடுமுன், 15 சென்ரிமீற்றர் ஆழத்தில், வயலின் பதினைந்து இடங்களில் எடுத்துக் கலந்து, அரைக்கிலோவை நிழலில் உலர்த்தி அனுப்பவேண்டும். எம்ஓபி போட்ட கையோடு எடுத்த மண்ணும் திகதியில்லாத பைகளும் வந்தன. அவற்றை நான் பதிவேட்டில் சேர்க்கவில்லை, சேர்க்கவும் மாட்டேன்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்; கையிருப்பு சொற்பமே. சந்தா நிலுவை வைத்திருப்பவர்கள், கூட்டத்துக்கு வராமலே பரிசோதனை முடிவை மட்டும் கேட்கிறார்கள். ஆய்வுகூடக் கட்டணம் சந்தாவிலிருந்துதான் போகிறது. இடையில் ஒரு வருடம் விடுபட்டால் முந்தைய எண்களோடு ஒப்பிடும் தொடர்ச்சி அறுந்துவிடும்.

ஒத்துழைத்த நிர்வாகசபைக்கும் மண்டபம் தந்தவர்களுக்கும் நன்றி.

பெரும்போக அறுவடை மாசியில் தொடங்கும். அதற்கு முன் நிலுவையைத் தீர்த்து, குத்தகைக்காரரின் தொலைபேசி இலக்கத்தையும் தந்தால், மண் எடுக்கும் முறையை நானே அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன்.

செயலாளர்
கொழும்பு